144, 131, 119: இதில் எது என் பிரஷர்?

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட கரையோர ஊரொன்றிலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் தொழில். கணவர், இரண்டு ஆண் பிள்ளைகள், 70 வயது உம்மா, இவரோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர்.

ஆறு கிழமைக்கு முன் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "உங்களுக்கும் ஒருக்காப் பார்ப்பமே" என்று தாதி பார்த்தபோது 152/94. அடுத்த கிழமை பார்மசியில் 138/86. பிறகு கணவரின் தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்த மணிக்கட்டு மெசினில் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை பார்த்திருக்கிறார்: 144/90, 131/84, 119/76. பக்கத்து வீட்டு மாமி, "வயசோட நூறைக் கூட்டு மகள், 144 மட்டுக்கும் உனக்குப் பயமில்ல" என்றாராம். ஆனாலும் பயம் போகவில்லை. உம்மாவின் பிரஷர் குளிசையான லோசார்டான் 50ஐ நான்கு நாள் குடித்துப் பார்த்திருக்கிறார். உடம்பு களைத்ததால் விட்டுவிட்டார்.

உம்மாவின் கதை வேறு. கிளினிக்கில் லோசார்டானும் அம்லோடிபினும் கொடுத்திருக்கிறார்கள். தலை பாரமாக இருக்கும் நாளில் மட்டும் குடிக்கிறார், நோன்பு மாதத்தில் அறவே இல்லை. கடைசியாகப் பார்த்தது 168/72. "கீழ் எண் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் சமாதானம். கால் வீங்குவதால், குளிசை கிட்னியைப் பழுதாக்குகிறதோ என்ற பயமும் உண்டு.

வாசகியின் கேள்வி இது: "எனக்குத் தலையிடியும் இல்ல, தலைசுத்தும் இல்ல. பிறகு எனக்குப் பிரஷர் இருக்கா இல்லையா? ஒருக்காக் குளிசை தொடங்கினா மவுத்தாகுமட்டும் விடேலாது எண்டு சொல்றாங்க, அது உண்மையா?" கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இன்னும் இரண்டு விசயம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிரஷர் கூடி வாட்டில் தங்கியிருக்கிறார். தையலால் வரும் முதுகுவலிக்கு அவரும், முழங்கால் வலிக்கு உம்மாவும் பார்மசியில் டைக்குளோபெனக் வாங்கிக் குடிக்கிறார்கள், "கிழமையில நாலஞ்சு நாள்."

சகோதரி,

நீங்கள் கடைசிப் பக்கத்தில் எழுதிய இரண்டும் முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டியவை. அவற்றுக்கு வருகிறேன். முதலில் உங்கள் எண்கள்.

ஐந்து எண்களில் எதுவும் பொய்யில்லை, ஆனால் எதுவும் தனியே உங்கள் பிரஷரும் இல்லை. இரத்த அழுத்தம் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் மாறும். நித்திரையில் பத்து முதல் இருபது சதவீதம் இறங்கும், விடியற்காலையில் ஏறும். படி ஏறினால், கதைத்தால், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால், உம்மாவுக்கு என்ன சொல்லப்போகிறார்களோ என்று வாங்கில் காத்திருந்தால் ஏறும். கிளினிக்கில் அபாயாவின் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டுக் கைப்பட்டியைக் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். சுருட்டிய துணி கையை இறுக்கினால் அளவு கெட்டுவிடும். அடுத்த முறை கை தளர்ந்த உடுப்பில் போங்கள், மறைவான இடத்தில் பெண் தாதியைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மணிக்கட்டு மெசினில் நீங்கள் கண்ட இறக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. உட்கார்ந்தவுடன் எடுக்கும் முதல் அளவுதான் வழக்கமாகக் கூட இருக்கும், உடம்பு அமைதியாக ஆகக் குறையும். அதோடு மணிக்கட்டு இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ 8 புள்ளி கூடக் காட்டும். மேலே இருந்தால் அதே அளவு குறைத்துக் காட்டும். முதல் தடவை கையை மடியில் வைத்து, மூன்றாம் தடவை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தால், அந்த வித்தியாசத்தில் பாதி கையின் இடத்தால் வந்ததாகவே இருக்கலாம்.

எண்களின் எல்லை

மேல் எண் இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண் இரண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ளது. இரண்டையும் இரச மில்லிமீற்றரில் சொல்கிறோம். 1896இல் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி கைப்பட்டியையும் இரசக் குழாயையும் சேர்த்து அளந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. இன்றைய டிஜிட்டல் மெசினில் இரசம் இல்லாவிட்டாலும் அலகு மாறவில்லை.

வளர்ந்த ஒருவருக்கு 120/80க்குக் கீழே இருப்பது நல்ல அளவு. கிளினிக்கில், வேறு வேறு நாள்களில் எடுத்தும், மேலே 140 அல்லது கீழே 90 அல்லது அதற்குக் கூட என்றால் உயர் இரத்த அழுத்தம். இரண்டில் ஒன்று கூடினாலே போதும், இரண்டும் கூட வேண்டுமென்றில்லை. 160/100ஐத் தாண்டினால் அடுத்த படி. நடுவில் இருக்கும் 120 முதல் 139 வரையான வெளியில்தான் குழப்பம். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017இல் 130/80 முதலே உயர் அழுத்தம் என்று கோட்டைக் கீழே இறக்கின. உலக சுகாதார நிறுவனம் 140/90ஐயே வைத்திருக்கிறது. போனில் ஒரு கட்டுரை 'நோய்' என்பதும் இன்னொன்று 'சாதாரணம்' என்பதும் இதனால்தான். இரு பக்கத்தவரும் ஒத்துக்கொள்வது ஒன்று: 130 தாண்டியவர் உப்பு, எடை, நடை மூன்றிலும் கையை வைக்க வேண்டும்.

குறைந்த பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. 90/60க்குக் கீழே போனால் 'லோ பிரஷர்' என்று உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பவர்கள் நம் ஊரில் நிறைய. மயக்கம், தள்ளாட்டம் இல்லாதவருக்கு அந்த எண் அவருடைய இயல்பாக இருக்கலாம், வைத்தியம் தேவையில்லை.

மாமியின் 'நூறோடு வயது' கணக்கை அவரிடமே திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் உம்மாவுக்கு 170 சரி, 80 வயதுக்காரருக்கு 180 சரி. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடப்பவர்களில் எத்தனையோ பேரின் பிரஷர் அந்த எண்ணுக்குள்தான் இருந்திருக்கும். வயதோடு பிரஷர் ஏறுவது உண்மை. ஏறுவதால் அது நல்லதாகிவிடாது.

தலையிடி இல்லையே என்கிறீர்கள். உயர் அழுத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியாது. 160 உள்ளவர் சந்தைக்குப் போய்வருவார், நோன்பு பிடிப்பார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார். அதற்குள் இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்துக்கொண்டிருக்கும், கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகள் தழும்பேறிக்கொண்டிருக்கும். தலையிடியைப் பார்த்துப் பிரஷரைக் கணிக்க முடியாது. உம்மாவின் தலைப்பாரமும் அப்படியே.

ஏழு நாள் பார்க்கும் முறை

உங்களுக்கு உயர் அழுத்தம் இருக்கிறதா என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஒரு கிழமை முறையாக அளந்தால் சொல்லலாம். கிளினிக்கில் மட்டும் கூடுகிறவர்கள் உண்டு, வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஏறும். அதற்கு எதிர்மாறாக, கிளினிக்கில் சரியாகக் காட்டி வீட்டில் கூடுகிறவர்களும் உண்டு. ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் யாரும் இவர்களைக் கண்டுபிடிப்பதில்லை.

மேல்கையில் கட்டும் மெசின் ஒன்றை இரவல் வாங்குங்கள் அல்லது வாங்குங்கள். வாங்குவதென்றால் சோதித்துத் தேறிய மெசின்களின் பட்டியல் ஸ்ட்ரைட் பிபி என்ற இணையத்தளத்தில் இருக்கிறது. கைப்பட்டியின் அளவு முக்கியம், அதற்கு உங்களிடம் நல்ல கருவி இருக்கிறது. தையல் அளவுநாடாவை எடுத்து, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். மெசினோடு வழக்கமாக வரும் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைக்கு. உங்கள் கை 34 என்றால் பெரிய பட்டி வேண்டும். சின்னப் பட்டியைப் பெரிய கையில் இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். எந்தப் பட்டிக்கு எந்தச் சுற்றளவு என்று பட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

காலையில் எழும்பி, சிறுநீர் கழித்த பிறகு, தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் முன்னர் பாருங்கள். அதற்கு முந்திய அரை மணிநேரத்தில் கோப்பியும் வேண்டாம், முற்றம் கூட்டுவதும் வேண்டாம். முதுகு சாயும் கதிரையில், இரண்டு பாதமும் தரையில் பதிய, காலுக்குமேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். தையல் ஸ்டூலில் இருந்து பார்க்க வேண்டாம், முதுகுக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் எண் கூடும். கையை மேசையில், தேவையென்றால் மடித்த துணியை அடியில் வைத்து, பட்டி நெஞ்சின் நடுமட்டத்துக்கு வருமாறு வையுங்கள். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், வெறும் தோலில். மெசின் ஓடும்போது கதைக்க வேண்டாம். பிள்ளை கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டாம், கதைத்தால் பத்துப் புள்ளிகூட ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை. இரண்டையும் எழுதுங்கள், நல்லதை மட்டும் தெரிந்தெடுத்து எழுதக் கூடாது. பின்னேரம், இராச்சாப்பாட்டுக்கு முன்னர், அதே போல இரண்டு தடவை.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, கூடக் காட்டும் கையையே பிறகு பயன்படுத்துங்கள். 10 புள்ளிக்குமேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஒரு பக்க இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கலாம்.

ஏழு நாள் முடிந்ததும் முதல் நாள் எண்களை வெட்டிவிடுங்கள். மிச்சம் ஆறு நாள், நாளுக்கு நான்கு, மொத்தம் 24 அளவு. மேல் எண்கள் எல்லாவற்றையும் கூட்டி 24ஆல் பிரியுங்கள். கூட்டுத்தொகை 3,288 என்றால் சராசரி 137. கீழ் எண்களுக்கும் அப்படியே. வீட்டில் அளக்கும்போது எல்லை 140/90 இல்லை, 135/85. அதற்குக் கூட வந்தால் உங்களுக்கு உயர் அழுத்தம் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள்.

அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடு சேர்ந்தும் 35 வயதைத் தாண்டியவர்களின் பிரஷர், சீனி, எடை பார்க்கும் நிலையங்கள் நடக்கின்றன. எச்.எல்.சி. என்பார்கள், காசு இல்லை. உங்களுக்கு வயது போதும். உயர் அழுத்தம் உறுதியானால் இரத்தத்தில் கிரியற்றினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொற்றாசியம், சீனி, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஒரு ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவை குளிசை எப்போது, எது என்று தீர்மானிக்க வேண்டியவை.

டைக்குளோபெனக்

கிழமையில் நான்கைந்து நாள் டைக்குளோபெனக் என்று படித்த இடத்தில் என் பேனை நின்றது. அந்த வகை வலிக்குளிசைகள் கிட்னியில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்துப் பிரஷரை ஏற்றும். இபுபுரூபனும் அப்படியே. உங்கள் 152க்கு இதுவே ஒரு பங்குக் காரணமாக இருக்கலாம். ஏழு நாள் அளக்கும் காலத்தில் அதைக் குடித்துக்கொண்டிருந்தால் அளந்தது உங்கள் பிரஷரா, டைக்குளோபெனக்கின் பிரஷரா என்று தெரியாது. ஆகவே முதலில் அதை நிறுத்தி, இரண்டு கிழமை விட்டு அளவு தொடங்குங்கள்.

வலிக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, தேவைப்படும் நாளில் மட்டும், ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறைக்குக் கூடாமல், நாளுக்கு எட்டுக் குளிசையைத் தாண்டாமல். ஈரல் வருத்தம் உள்ளவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. முதுகுக்கு உண்மையான மருந்து குளிசையில் இல்லை: மெசின் மேசையின் உயரத்தைப் பாருங்கள், முதுகுசாயும் கதிரைக்கு மாறுங்கள், அரை மணிக்கொருக்கா எழும்பி நடவுங்கள்.

உம்மாவுக்கு இது இன்னும் கடுமையான விசயம். டைக்குளோபெனக் லோசார்டானின் வேலையைக் கெடுக்கும், இரண்டும் சேர்ந்து 70 வயதுக் கிட்னியை நெருக்கும். நோன்பு நாளில் தண்ணீரும் இல்லாமல் போனால் மூன்றாவது அடி. கிட்னியைப் பற்றிய உங்கள் வீட்டுப் பயம் நியாயமானதுதான், ஆனால் பழியைத் தப்பான குளிசையில் போட்டிருக்கிறீர்கள். லோசார்டான் பல நோயாளிகளில் கிட்னியைக் காக்கத்தான் கொடுக்கப்படுகிறது. தொடங்கிய சில கிழமைக்குள் கிரியற்றினினும் பொற்றாசியமும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள், அப்படியொரு சோதனை எழுதியிருக்கிறதா என்று. இல்லாவிட்டால் கேளுங்கள்.

கால் வீக்கம் பெரும்பாலும் அம்லோடிபினால். அளவு கூடக் கூட வரும், பெண்களுக்குக் கூடுதல். பின்னேரத்தில் கணுக்கால் வீங்கி, காலையில் வற்றும். டைக்குளோபெனக்கும் அதைக் கூட்டும். வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். வீக்கம் முழங்காலுக்கு ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அது வேறு விசயம், அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது.

உம்மாவின் லோசார்டான் உங்கள் கையில்

இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது 44 வயதிலும் கருத்தரிக்க இடமிருக்கிறது. லோசார்டான், எனலாபிரில் போன்றவை கர்ப்பத்தில் பிள்ளையின் கிட்னியைப் பாதிக்கக்கூடியவை, கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாதவை. அடுத்தவரின் குளிசையை எடுத்தால் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். நான்கு நாள் குடித்ததால் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் இந்த மாத நாள் தள்ளியிருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் குளிசை தொடங்கும்போது இதையும், நீங்கள் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பாவித்தால் அதையும் சொல்லுங்கள், சில வகை பிரஷரை ஏற்றும்.

இரண்டாவது பிள்ளையின்போது கூடிய பிரஷரும் பழைய கதை என்று விட முடியாதது. கர்ப்பத்தில் கூடியவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் அழுத்தமும் இதயநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. பிள்ளை பிறந்ததும் எண் இறங்கிவிடுவதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏழு நாள் சராசரி நல்லதாக வந்தாலும், வருசத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் பார்க்க வேண்டும்.

குளிசையைத் தொடங்கினால் விடமுடியாதா என்ற கேள்விக்கு: குளிசை உடம்பைப் பழக்கி அடிமையாக்குவதில்லை. நிறுத்தினால் திரும்பி வருவது முன்பிருந்த அதே பிரஷர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவது கண்ணாடி செய்த குற்றமா? 10 கிலோ எடை குறைத்தவர்களுக்கு வைத்தியர் பார்த்துக் குளிசையைக் குறைப்பதும் நிறுத்துவதும் நடக்கிறது. 140களின் தொடக்கத்தில் இருந்து, சீனி வருத்தமோ கிட்னிப் பழுதோ இல்லாவிட்டால், மூன்று முதல் ஆறு மாதம் உணவையும் நடையையும் திருத்திப் பார்க்க இடம் கொடுப்பதும் உண்டு. நான்கு நாளில் களைப்பு என்று முடிவு கட்டியது மட்டும் அவசரம். லோசார்டான் முழுப் பலன் காட்ட மூன்று முதல் ஆறு கிழமை எடுக்கும்.

இரண்டு குளிசை எழுதினால் 'வருத்தம் முற்றிவிட்டது' என்று நினைப்பதும் தவறு. நம் நாட்டிலேயே 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவில் மூன்று மருந்து சேர்ந்த ஒரே குளிசை எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினர், வழமையான முறையில் 55 சதவீதத்தினர். ஒரு மருந்தைப் பெரிய அளவில் ஏற்றுவதைவிடப் பல மருந்தைச் சின்ன அளவில் சேர்ப்பது பலன் தருகிறது, அவ்வளவே.

கீழ் எண் 72 என்ற சமாதானம்

வயது போகப் போகப் பெரிய இரத்தக்குழாய் இறப்பர் தன்மையை இழந்து விறைக்கும். அப்போது மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். உம்மாவின் 168/72இல் அந்த 72 நல்ல செய்தியில்லை, விறைத்த குழாயின் அடையாளம். அவர் வயதில் பாரிசவாதத்தோடு கூட நெருங்கி நிற்பது மேல் எண். அமெரிக்காவில் மேல் எண் மட்டும் கூடிய, 60 வயதும் அதற்கு மேலுமான 4,736 பேரை வைத்து நடத்தி 1991இல் வெளியான ஆய்வில், குளிசை எடுத்தவர்களுக்குப் பாரிசவாதம் 36 சதவீதம் குறைந்தது.

தலை பாரமான நாளில் மட்டும் குடிப்பது, மழை பெய்த பிறகு கூரையில் ஏறி ஓடு மாற்றுவது போல. இரண்டு குளிசையும் நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில். ஏழு அறை உள்ள சின்னப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கும், வெள்ளிக்கிழமைதோறும் நிரப்பி வைத்துவிடுங்கள். வேறு சிலருக்குக் கொடுக்கப்படும் அற்றனலோல் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது நேரடி ஆபத்து, நெஞ்சு நோவைக் கிளப்பும்.

உம்மாவுக்கு இருந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கவைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் வைத்தியருக்குத் தெரிய வேண்டும். இராத்தொழுகைக்கு எழும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். இலக்கு முதலில் 140க்குக் கீழ், தலைசுற்றாமல் தாங்கினால் 130 பக்கம்.

நோன்பு

இந்த இரண்டு குளிசைக்காக நோன்பையும் விட வேண்டாம், நோன்புக்காகக் குளிசையையும் விட வேண்டாம். இரண்டுமே ஒருநேரக் குளிசை. நோன்பு திறந்த பிறகோ சஹரிலோ, ஒரு நேரத்தைத் தெரிந்து அதையே பிடித்துக்கொள்ளலாம். சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவருக்குப் பகலில் நீர் வற்றும் என்பதால் அதை நோன்பு திறந்த பிறகு வைப்பது நல்லது, அளவும் மாறலாம். நோன்புக்கு ஆறு, எட்டுக் கிழமை முன்னர் கிளினிக்கில் கேட்டு முடிவு செய்யுங்கள். கிட்னி ஏற்கனவே பழுதானவர், அண்மையில் பாரிசவாதமோ மாரடைப்போ வந்தவர் நோன்பு பிடிப்பதா என்பதை வைத்தியரோடும் உலமாக்களோடும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் பிரஷரை ஏற்றுவது பட்டினியைவிடக் கஞ்சியின் உப்பும், சூப் கட்டியும், ரோல்ஸும் சமோசாவும்தான்.

உப்புக்கு ஒரு வீட்டுக் கணக்கு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு மட்டத் தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டில் ஐந்து பேர். 400 கிராம் உப்புப் பக்கற்றை வெட்டிய திகதியை அதிலேயே எழுதுங்கள். 16 நாளுக்கு முன் முடிந்தால் சட்டியில் போடும் உப்பே எல்லையைத் தாண்டிவிட்டது. பாண், பிஸ்கட், கருவாடு, அச்சாறு, பப்படம் இன்னும் கணக்கில் சேரவில்லை. ஆகவே பக்கற் ஒரு மாதத்துக்குக் கிட்ட நிற்குமளவு குறையுங்கள். புட்டுக்கு மாக் குழைக்கும் தண்ணீரில் பாதி உப்பு, தேசிக்காய்ப் புளியும் மிளகும் கூட. நாக்கு பழக மூன்று நான்கு கிழமை எடுக்கும், அதுவரை வீட்டில் சண்டை வரும். கருவாட்டை இரண்டு தரம் ஊறவைத்து நீரைக் கொட்டினால் உப்புக் குறையும், போய்விடாது. இந்துப்பும் உப்புத்தான். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் பொற்றாசியம் உண்டு, லோசார்டான் எடுக்கும் உம்மாவுக்கு வைத்தியரைக் கேட்காமல் அது வேண்டாம்.

உடனே போக வேண்டிய நேரம்

மெசின் 180/120க்குக் கூடக் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து திரும்பப் பாருங்கள். இறங்கவில்லை, ஆனால் உடம்பில் வேறு ஒன்றும் இல்லையென்றால், அன்றே வைத்தியரைக் காணுங்கள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல், பார்வை மறைதல், இவற்றில் ஒன்று இருந்தால் எந்த எண்ணாக இருந்தாலும் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பேச்சுக் குழறியது எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள், பாரிசவாதத்துக்கான சில மருந்துகளை முதல் நான்கரை மணிநேரத்துக்குள்தான் ஏற்ற முடியும். நாக்குக்குக் கீழே குளிசை வைப்பது, கூட இரண்டு குளிசை கொடுப்பது இரண்டும் வேண்டாம். பிரஷர் சடாரென்று விழுந்தால் மூளைக்கு இரத்தம் போதாமல் போகும்.

கட்டார் மெசினை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எறிய வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அதையும் எடுத்துப் போய், அங்குள்ள மெசினில் பார்த்த ஒரு நிமிடத்துக்குப் பின் இதில், பிறகு அதில், பிறகு இதில் என்று மாறி மாறிப் பாருங்கள். வித்தியாசம் 5 புள்ளிக்குள் நின்றால், மணிக்கட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து வீட்டில் பாவிக்கலாம். கூட என்றால் பிள்ளைகள் பற்றரியைக் கழற்றி எடுக்கட்டும்.